கால் நீட்டி உட்கார ஒரு நேரம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசிய பேச்சு)



எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "குடும்பத்தில் சிரிப்பும் ஓய்வும்". கடிதத்தை ஊக்குநர் குழுக்கூட்டத்தில் வாசித்தார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா, "சிரிப்பு தெரியுது. ஓய்வுன்னா என்னது? அது எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டார். சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் என்று தலைப்பு கொடுத்திருந்தால் நோட்டை விரித்து வைத்துக் கணக்கை ஒப்பித்துவிடுவோம். சிரிப்புக்கு எங்கே போய்க் கணக்கு எடுக்க?

அதனால் ஒரு முடிவு செய்தோம். தை மாசம் முழுக்க, யார் யார் எங்கே எதுக்குச் சிரித்தோம் என்பதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். எழுதுகிற தங்கச்சி அதைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். பதினாலு பேர், நாலு கூட்டம். சிரித்த கணக்கு நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது ஒன்று தெரிந்தது. உளுந்துச் செடி பிடுங்கும்போது சிரித்திருக்கிறோம். குழாயடியில் குடத்தை வரிசை போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறோம். துணி துவைக்கும்போது, மாவாட்டும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது. கையில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்து சிரித்தோம் என்று ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் இல்லை!

அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கதை சொல்லுகிறோம்.

எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்தி ரெண்டு நாள் பயிற்சிக்குத் தூத்துக்குடி போக வேண்டி வந்தது. போகும்போது வீட்டுக்காரரிடம், "அரிசியைக் கழுவிப் போட்டுத் தண்ணி ஊத்தி குக்கரை மூடி வச்சிருங்க. மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிருங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் சொன்னபடியே வைத்துவிட்டு, வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு எண்ணியிருக்கிறார். ஒண்ணு. ரெண்டு. மூணு. எழுந்து போய் அணைத்துவிட்டார். திறந்து பார்த்தால் அரிசி அரிசியாகவே கிடக்கிறது. அவர் எண்ணிய மூணு விசிலில் ஒண்ணுதான் அவர் வீட்டுக் குக்கர் அடித்தது. மற்ற ரெண்டும் அடுத்த வீட்டுக் குக்கர்!

பிள்ளைகளுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட மூச்சு விடப்படாது" என்று ஆளுக்கு ரெண்டு கடலை மிட்டாய் லஞ்சமும் கொடுத்தார். நம்ம கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பேர் பெற்ற மிட்டாய்க்கே ரெண்டு பிள்ளைகள் வாயைக் கட்ட முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் தங்கச்சி தெருமுக்கில் திரும்பும்போதே கதை எதிரே ஓடி வந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்கா, "என் சோத்து விசில் ரெண்டை உன் வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டார், எப்போ திருப்பித் தருவார்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். வட்டியோடு வேண்டுமாம்.

அவரைக் கேவலப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்லுகிறோம். இப்போதெல்லாம் அவர் குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணுகிறார். சோறும் நன்றாகவே வருகிறது. ஒரு ஆண்பிள்ளை தன்னைப் பற்றிய சிரிப்பைத் தாங்கிக்கொண்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்பது எங்கள் அனுபவம். டி.வி.யில் வருகிற சிரிப்பு பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது. பெண்டாட்டி குண்டு, மாமியார் பேய், இதை விட்டால் வேறு இல்லை. கதையில் பெயரைச் சொன்னால் அந்த ஆளும் சேர்ந்து சிரிப்பாரா என்று பார்க்க வேண்டும், அவர் சிரிக்கமாட்டார் என்றால் அந்தக் கதை வேண்டாம்.

இன்னொன்று பழைய கதை. வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய காலம். இப்போது மிஷின் வந்து அந்த வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. அப்போது தீப்பெட்டி ஆபீஸில் இருந்து சாமானை வாங்கிவந்து, மேல்பெட்டி, அடிப்பெட்டி ஒட்டிக் குரோஸ் கணக்கில் கொடுப்போம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எங்கள் குழுவில் ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் எட்டு நாளாகப் பேச்சு இல்லை. ஆனால் பசைச்சட்டி ஒன்றுதான். அதனால் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சட்டியில் பசையைத் தொட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "பிள்ளே, உங்க அம்மாவை அந்தக் கட்டைத் தள்ளச் சொல்லு" என்று மூணு வயசுப் பிள்ளைதான் இடையில் தபால்காரன்.

ஒன்பதாம் நாள் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. சுவரைப் பார்த்து ஒரு விடுகதை போட்டார். "ஒரே ரூமுக்குள்ள அம்பது பேரு, அம்பது பேருக்கும் தலையில கொண்டை, செவுத்துல முட்டினவன் மட்டும் சாம்பலாப் போனான். அது என்ன?"

மருமகள் பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் விடுகதை போட்டால் வாய் நிற்குமா? "பஸ்" என்றாள். இல்லை. "ஆஸ்பத்திரி". இல்லை. "பொண்ணுங்க படிக்கிற ஹாஸ்டல்". இல்லை. அரைமணி நேரம் யோசித்திருக்கிறாள், கையில் தீப்பெட்டியை ஒட்டிக்கொண்டே! கடைசியில் மாமியார், "ஏட்டி, கையைப் பாருட்டி" என்று சொன்னபோதுதான் உறைத்தது. சிரித்த சிரிப்பில் பசைச்சட்டி கவிழ்ந்துவிட்டது. அன்றைக்கு ஒரு குரோஸ் குறைந்தது. சண்டை எதுக்கு வந்தது என்று இப்போது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

அந்த மாமியாரை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆச்சியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதற்கு முன்னால் ஓய்வு எங்கே விற்கிறது என்று கேட்ட அக்காவுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று 2019-ல் நாடு முழுக்கக் கணக்கு எடுத்தது. சோறு பொங்குவது, பாத்திரம் விளக்குவது, கூட்டுவது, துவைப்பது என்று கூலி இல்லாத வீட்டு வேலை இருக்கிறதே, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செய்கிறார்கள். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள் 97 நிமிடம். அதிலும் கை வைக்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024-ல் திரும்ப எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். அஞ்சு வருசத்தில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்கள் தங்கள் பங்கில் ஒன்பது நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டார்கள்! இதை வாசித்த அன்றைக்கு ஒரு மதினி, "அந்தப் பத்து நிமிசத்தை எனக்கு யாரும் கொண்டாந்து தரலையே, ரேஷன்ல போடுதாகளா?" என்று கேட்டார். இதுவும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

வேலை சுலபமாகவில்லை என்று சொல்லமாட்டோம். ஆட்டுக்கல்லில் மாவரைத்த கையெல்லாம் இங்கே இருக்கிறது. 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது தோள்பட்டைக்கு வந்த சுகம் நமக்குத்தான் தெரியும். ஆனால் மிச்சமான நேரம் என்ன ஆனது? கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றும், நாம் அந்த நேரத்தில் இன்னும் ரெண்டு கட்டுப் பெட்டி ஒட்டினோம். 2006-ல் கலர் டி.வி. வந்தது, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தோம். சும்மா இருந்து பார்த்தோமா? பார்த்திருந்தால், "நாடகம் பார்த்தே வீட்டைக் கெடுத்தா" என்ற பேர் வந்திருக்கும்.

இப்போது தாயத்துக்கு வருகிறோம்.

கோடையில் கரிசல் காட்டில் வேலை கிடையாது. மானாவாரி பூமி, புரட்டாசி ஐப்பசி மழைக்கு விதைத்து, தை மாசியில் உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்து, பருத்தியும் எடுத்து முடித்துவிட்டால் நிலம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஆண்பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். தெருவோடு போகிற எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதே மத்தியானத்தில் நாம் எங்கே இருந்தோம்? வீட்டுக்குப் பின்னால், தொழுவத்துச் சுவர் நிழலில். கரித்துண்டால் தாயக்கட்டம் வரைந்து, நாலு புளியங்கொட்டையை ஒருபக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து, காய்க்கு உடைந்த வளையலும் மிளகாய்க் காம்பும் வைத்து ஆட்டம். பக்கத்தில் ஒரு குவியல் புளி. அந்தப் புளி எதுக்கு என்று இங்கே பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தெரிகிறது!

ஆமாம், ஆண்பிள்ளை செருமல் கேட்டால், நாலு கொட்டையையும் புளிக்குவியலுக்குள் தள்ளிவிட்டு, "புளி உடைக்கோம்" என்று சொல்லிவிடலாம். கட்டத்தை என்ன செய்வது? அதுக்குத்தான் ஆச்சி இருந்தார். கொஞ்சம் கனத்த உடம்பு. அப்படியே ஒரு நகட்டு நகட்டிக் கட்டத்து மேல் உட்கார்ந்துவிடுவார். செருமினவர் போனதும் எழுந்தால் சேலையெல்லாம் கரி. அதைவிடப் பெரிய பாடு, தேய்த்த கொட்டை நாலையும் நூறு கொட்டைக்குள் இருந்து தேடி எடுப்பது. யார் காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதில் அடுத்த சண்டை. "நான் மலையில இருந்தேன், நீ எப்படி வெட்டுன?" என்று ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். ஒரு கோடை முழுக்க ஆடி ஒருத்தரும் பழம் எடுக்காமல் போன வருசமும் உண்டு.

இதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எழுதுகிற தங்கச்சி கேட்டாள். "நீங்க என்ன களவாண்டீகளா? எதுக்கு ஒளிச்சு ஒளிச்சு ஆடுனீக?" அவள் கல்யாணமாகி வந்தே நாலு வருசம்தான் ஆகிறது. அவளுக்கு என்ன பதில் சொல்ல என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை. யாரும் ஆடக்கூடாது என்று சொல்லக்கூட இல்லை. ஆனாலும் ஒளித்தோம். பொம்பளை கை சும்மா இருந்தால் வீடு விளங்காது என்று நம்ம மனசுக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து செருமிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஓய்வாக உட்கார்ந்து பேசுகிற பேச்சு வெட்டிப்பேச்சு என்று சொல்லுகிறவர்களுக்கு நம்ம ஊர்க்காரரையே காட்டலாம். இடைசெவலில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். கரிசல் காட்டு ஜனங்கள் மடத்திலும் களத்துமேட்டிலும் திண்ணையிலும் சொன்ன கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நம்ம பேச்சுவழக்குக்கு ஒரு அகராதியே 1982-ல் போட்டார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. 2021 மே மாதம் அவர் காலமானபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு நடத்தினார்கள். நம்ம பாட்டிமார்கள் பொழுதுபோகாமல் பேசினது அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

சிரிப்பால் ஒரு சங்கடமும் எங்கள் குழுவில் வந்தது. அதையும் மறைக்கவில்லை. ஆச்சி வீட்டு மருமகள் மூணு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணம் மட்டும் பிள்ளை கையில் வந்தது. என்ன என்று விசாரித்தால், அவள் வீட்டுக்காரர் தடுத்திருக்கிறார். கூட்டம் நடக்கிற இடத்தைத் தாண்டிப் போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்டதாம். "கடன் வாங்கத்தானே போறீக, அங்கன என்ன இளிப்பு?" என்று கேட்டு, போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்களில் மூத்தவர்கள் ரெண்டு பேர் வீட்டுக்குப் போனோம். கணக்கு நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தோம். சேமிப்பு ஒரு வாரம் தவறவில்லை, தவணை ஒரு மாசம் தவறவில்லை. அவர் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. நான் கணக்கைச் சொல்லலையே, சிரிப்பைத்தானே சொன்னேன்" என்றார். எங்களுக்கு வாயடைத்துப்போனது. நோட்டைக் காட்டினால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தோம்.

அப்போது ஆச்சி அடுப்படியில் இருந்து வெளியே வந்தார். மகனைப் பார்த்து, "நான் நாப்பது வருசம் வெளிய சத்தம் கேக்காமத்தான் சிரிச்சேன். அதனால உனக்கு என்னப்பா கூடுதலாக் கெடைச்சுது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் மருமகள் வந்தாள், கூடவே ஆச்சியும் வந்தார். அவர் மனசு மாறிவிட்டதா என்று கேட்டால், தெரியாது. இப்போதும் கூட்ட நாளில் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

அதுக்குப் பிறகுதான் கழுகுமலைக்குப் போனோம். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாசத்தில் இருந்து டிக்கெட் இல்லை என்று ஆனதில் எங்களுக்குக் கொஞ்சம் கால் முளைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில், "சும்மா போயிட்டு வாரோம்" என்று சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை. எல்லோருக்கும் முருகனிடம் ஏதோ ஒரு நேர்த்திக்கடன் இருந்தது! சாமியைக் கும்பிட்டோம், பொய் சொல்லவில்லை. கும்பிட்டு முடித்து, புளியோதரைத் தூக்குவாளியோடு மலை ஏறிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. குரத்தியார் என்று சொல்லப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களின் பெயரும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் அங்கே பொம்பளைகள் டீச்சராக இருந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலே இருந்து கீழாக வெட்டிச் செதுக்கியது. உச்சியில் ஒவ்வொரு உருவமும் அவ்வளவு நகாசு. கீழே வர வர வேலை முடியாமல் அப்படியே நிற்கிறது.

ஓய்வு எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்ட அந்த அக்கா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார். "பாதி வேலையில எந்திரிச்சுப் போயிருக்கான். ஆயிரத்து இருநூறு வருசமாச்சு, ஒரு பயலும் ஒரு சொல்லு சொல்லலை. வாரவுகெல்லாம் ஆகா ஓகோங்காக. நான் காலையில ஒரு சட்டியை விளக்காம வச்சிட்டு வந்திருக்கேன், போனதும் பாருங்க!"

பாறை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு எங்கள் கையில் வேலை எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அப்படி வந்த முதல் வரி அதுதான்.

திரும்பி வந்து ஒரு தீர்மானம் போட்டோம். மாசத்தில் ஒரு கூட்டத்தில், கணக்கு முடிந்த பிறகு, அரைமணி நேரம் விளையாட்டு. கொட்டகைத் தரையில் சாக்பீஸால் பெரிதாகத் தாயக்கட்டம் போட்டுக்கொள்வது. கதவு திறந்தே இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை ஆச்சி வீட்டு மருமகள்தான் எழுதச் சொன்னாள்.

முதல் ஆட்டம் நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆச்சிக்கு ஒரு காய் மலையில் இருக்கிறது, இன்னொன்று பழம் எடுக்க ரெண்டே கட்டம். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல். குழுவின் தரமதிப்பீட்டுக்கு வந்த ஒரு சார், கையில் ஃபைலோடு நிற்கிறார். நாங்கள் எழுந்து வணக்கம் சொல்லுவதற்குள், எங்களுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், ஆச்சி கட்டத்து மேல் உட்கார்ந்திருக்கிறார். சேலையைச் சுற்றிலும் இழுத்துப் பரப்பிவிட்டிருக்கிறார். காயைக் காணோம், கொட்டையைக் காணோம்.

"என்னம்மா நடக்குது இங்க?" என்றார் சார்.

"புளி உடைக்கோம்" என்றார் ஆச்சி.

அந்தக் கொட்டகையில் ஒரு சுளைப் புளி கிடையாது.